வாசகரே பதிப்பாளர்
(ஜோகூர் பாருவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பதிப்பகத்தின் துணையில்லாமல் ஒருவர் எழுத்தாளராக நிலைபெற முடியுமா என்பது இன்று எனக்கு இட்டிருக்கும் பொருள். இதே வினாவைச் சென்னையிலே ஒருவர் கேட்டால் அதற்கு ஒரு பொருளும், ஜோகூரிலே ஒருவர் கேட்டால் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. சென்னையில் எழுதுகிறவருக்கு முன்னே பழகிய பாதை ஒன்று கிடக்கிறது. பத்திரிகைகளில் எழுதிப் பெயர் பெற்று, கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் அச்சிட்டு விற்று அளிக்கும் ராயல்டியைப் பெற்றுக்கொள்வது அந்தப் பாதை. அதைவிட்டு விலகித் தனியே நடக்கலாமா என்பதுதான் அவருடைய ஐயம். நமக்கோ விலகுவதற்கு அப்படி ஒரு பாதையே சரியாக அமையவில்லை. மலாய் மொழியில் எழுதப்படுவதே மலேசியாவின் தேசிய இலக்கியம் என்று வகுக்கப்பட்டிருப்பதால், அரசாங்கத்தின் மொழி, நூல் நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் பெரும் பிரசுர முயற்சிகளும், தேசிய இலக்கியவாதி என்னும் உயரிய விருதும் தமிழில் எழுதுகிறவரின் எல்லைக்கு அப்பாலே நிற்கின்றன. தமிழ் நூல்களை வெளியிடும் நிறுவனங்கள் சில உண்டு என்றாலும், பாடநூலும் பயிற்சி நூலும் தரும் ஆதாயத்தை நாவலும் கவிதையும் அவற்றுக்குத் தருவதில்லை. ஆகவே இங்கே எழுத வந்தவர்களில் பெரும்பாலோர், விரும்பியோ விரும்பாமலோ, தாமே ஆசிரியராகவும் தாமே வெளியீட்டாளராகவும் தாமே விற்பனையாளராகவும் இருந்து வந்திருக்கிறார்கள்.

இந்த நிலையை நம்முடைய குறை என்று சொல்லி இரங்குவது வழக்கம். அவ்வாறு இரங்குவதற்கு நான் இங்கே வரவில்லை. தமிழிலே அச்சு நூல் வளர்ந்த வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால், நம் மொழியின் மிகச் சிறந்த காரியங்கள் பல இவ்வாறு பதிப்பகத்தின் நிழலில்லாமல் நடந்தவையே என்பதும், அவற்றைச் சாதித்தவர்கள் யாவரும் ஒரே ஒரு செல்வத்தை முதலில் ஈட்டிக்கொண்டார்கள் என்பதும் விளங்கும். பெயர் தெரிந்த, ஊர் தெரிந்த, அடுத்த நூலுக்கும் முன்வந்து பணம் கட்டக்கூடிய வாசகர் கூட்டமே அந்தச் செல்வம். எழுத்தாளர் முதலில் தேட வேண்டியவர் அந்த வாசகரே. அவரைத் தேடிக்கொண்டவருக்குப் பதிப்பாளர் கிடைத்தாலும் நன்று, கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை என்பதே நான் இன்று உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

1887ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டிலேதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு உலகுக்கு அளித்தார். அதே ஆண்டில், ஜோகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரிலே, சி. கு. மகுதூம் சாயபு தம் அச்சுக்கூடத்திலிருந்து ‘சிங்கை நேசன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சதாசிவ பண்டிதரின் ‘வண்ணையந்தாதி’யும் அவ்வாண்டிலேயே அந்நகரில் அச்சேறியது. இவற்றுள் எதற்கும் இன்று நாம் பதிப்பகம் என்று சொல்லும் ஸ்தாபனம் பின்னணியில் நிற்கவில்லை.

சாமிநாதையர் மேற்கொண்ட முறைக்குக் ‘கையொப்பம்’ வாங்குதல் என்று பெயர். அச்சு வேலை தொடங்குவதற்கு முன்பே, இன்ன நூல் வெளிவர இருக்கிறது, அதற்கு இத்தனை ரூபாய் விலை, தாங்கள் எத்தனை பிரதி எடுத்துக்கொள்வீர்கள் என்று தமிழபிமானிகளுக்குத் தெரிவித்து, அவர்களுடைய கையெழுத்தையும், இயன்றபோது முன்பணத்தையும் பெற்று, அந்தப் பலத்தைக்கொண்டு காகிதம் வாங்கி, பாரம் பாரமாக அச்சிட்டு, நூல் முடிந்ததும் கையொப்பமிட்டவர்களுக்கு அனுப்பி வைப்பது அம்முறை. மடாதிபதிகளும் ஜமீன்தார்களும் உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் தமிழ் உபாத்தியாயர்களும் அவ்வாறு நூல்களுக்குக் கையொப்பமிட்டார்கள். செல்வர் ஒருவர் மனம் வைத்தால் மொத்தச் செலவையும் அவரே ஏற்றுவிடலாமே, இத்தனை பேரிடம் அலைவானேன் என்று தோன்றலாம். ஆனால் ஒருவர் தரும் தானம் அந்த நூலோடு முடிந்துவிடும். பலர் இடும் கையொப்பமோ அடுத்த நூலுக்கும் அடிப்படையாகும். சிந்தாமணிக்குப் பின் 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும் அடுத்தடுத்து வெளிவந்தன என்றால், அந்த ஐயாவின் அபாரமான உழைப்போடு, ஒரு நூலை வாங்கிச் சுவைத்தவர்கள் மறு நூலை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள் என்பதையும் நாம் காரணமாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தொடர்பு அமையாதபோது மேதையும் தவித்துப்போகிறது என்பதற்குப் பாரதியாரின் வாழ்க்கையே சாட்சி. 1920ஆம் ஆண்டில் அவர் தம்முடைய எழுத்துக்களை நாற்பது நூல்களாகப் பகுத்து, நூல் ஒன்றுக்குப் பதினாயிரம் பிரதிகள் வீதம் அச்சிட்டு, தமிழ் நாடெங்கும் பரப்புவதென்று ஒரு பெருந்திட்டம் வகுத்தார். அதற்கு மூலதனம் கடனாகத் தருமாறு நண்பர்களுக்கும் அபிமானிகளுக்கும் அறிக்கை விடுத்தார். பணம் வந்து சேரவில்லை; அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். பதினாயிரம் பிரதி என்ற அவருடைய கணக்கு வெறும் கனவன்று. அவர் நூல்கள் பின்னாளில் அச்சாகிப் பரவிய அளவு அதனை மெய்ப்பித்துவிட்டது. வாசகர் இருந்தார்கள், ஆனால் அவர்கள் இன்னார், இன்ன ஊரில் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலோ, அவர்களிடம் நூலைக் கொண்டு சேர்க்கும் கைகளோ அப்போது அவருக்கு வாய்க்கவில்லை. மாறாக, அமெரிக்கக் கவி வால்ட் விட்மன் 1855ஆம் ஆண்டில் ‘புல்லின் இதழ்கள்’ என்னும் நூலைத் தம் செலவில் அச்சிட்டு, பின்னர் வாழ்நாள் முழுவதும் அதையே விரித்தும் திருத்தியும் மீண்டும் மீண்டும் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காலம் கொடுத்த நீண்ட அவகாசத்தை நம் கவிக்குக் கொடுக்கவில்லை.

நம்மவருள் அத்தகைய அவகாசம் வாய்த்து, அதை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் முதலிடம் தர வேண்டியவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லாமல், கற்பனையில் ஊறிய கதைகளைத் தாம் சொல்லத் தம் தோழி பட்டம்மாள் எழுதத் தொடங்கிய அந்த அம்மையார், 1924ஆம் ஆண்டில் ‘இந்திரமோகனா’ என்னும் நாடகத்தை நூலாக்கினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ என்னும் மாதப் பத்திரிகையை வாங்கித் தம் பொறுப்பிலே நடத்தலானார். அந்தப் பத்திரிகையிலே மாதந்தோறும் நாவலைத் தொடராக எழுதுவார். அதற்காகவே சந்தாதாரர் காத்திருப்பர். தொடர் முடிந்ததும் அது நூலாகும். நூல் விற்ற பணம் பத்திரிகைக்குத் துணையாகும். பத்திரிகை அடுத்த நாவலுக்கு வாசகரைத் திரட்டும். இந்தச் சக்கரத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுழலச் செய்து, நூற்றுப் பதினைந்து நாவல்களை அவர் எழுதினார். பெண் ஒருத்தி வீட்டைவிட்டு வெளியே வந்து மேடையேறுவதே அபூர்வமாக இருந்த காலத்தில், எழுத்தும் அச்சும் வெளியீடும் விநியோகமும் தம் வீட்டாரின் கையிலேயே இருக்கும்படி அவர் அமைத்துக்கொண்டது எத்தகைய தீரம்! அவருடைய நாவல்களைப் பற்றி விமரிசகர்கள் என்ன சொன்னபோதிலும், எழுத்தை ஜீவனோபாயமாகக் கொண்ட தமிழ்ப் பெண் ஒருவர் எவருடைய தயவையும் எதிர்பாராமல் நின்றார் என்பது நம் இலக்கிய சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்க செய்தி.

சி. சு. செல்லப்பா நேர்மாறான இயல்பினர். கோதைநாயகி அம்மாள் ஜனரஞ்சகமான கதைகளுக்குப் பெருங்கூட்டத்தைத் திரட்டினார். செல்லப்பாவோ சிறு கூட்டம் போதும், ஆனால் அது தேர்ந்த கூட்டமாக இருக்கட்டும் என்றார். 1959ஆம் ஆண்டு ஜனவரியில் ‘எழுத்து’ என்னும் பத்திரிகையை அவர் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் விற்பதில்லை, சந்தா கட்டியவர்களுக்கே அனுப்புவது என்று விரதம் பூண்டார். உண்மையில் சந்தாதாரர் அந்த அளவுக்குக்கூடச் சேரவில்லை. ஆயினும் 1970 வரையில் அப்பத்திரிகை நடந்தது. தமிழ்ப் புதுக்கவிதைக்குத் தொட்டிலாயிற்று. 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுப்பு அதன் பிரசுரமாக வெளிவந்தது. தாம் வெளியிட்ட நூல்களை மூட்டையாகச் சுமந்துகொண்டு, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். முதுமையிலே, மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ என்னும் நாவலை 1997இல் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார். 2001ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி அந்த நாவலுக்குப் பரிசளித்தது. பெரிய ஸ்தாபனங்கள் தேடி வருவதற்காக அவர் ஒருநாளும் காத்திருக்கவில்லை என்பதையே இதிலிருந்து நாம் கற்க வேண்டும்.

ஈழத்திலே டொமினிக் ஜீவா செய்த காரியமும் இத்தகையதே. யாழ்ப்பாண நகரில் சிகை திருத்தும் தொழில் செய்து வாழ்ந்த அவர், ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்கு இலங்கைச் சாகித்திய மண்டலத்தின் பரிசு பெற்றவர். 1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ‘மல்லிகை’ என்னும் மாத இதழைத் தம் சலூனிலிருந்தே தொடங்கினார். சாதியின் பெயரால் தம்மைத் தாழ்த்திய சமூகத்தின் நடுவீதியிலே இதழ்களைக் கையில் ஏந்தி நின்று விற்றார். யுத்தம் ஊரைக் குலைத்தபோது கொழும்புக்குப் பெயர்ந்தும் விடாது நடத்தினார். நானூறு இதழ்களுக்கு மேல் வெளிவந்தன. பதிப்பாளர் வீட்டு வாசலில் காத்திருந்தால் அவருக்கு அந்த வாசல் திறந்திருக்குமோ, திறந்திராதோ. அவர் வீதியில் இறங்கி நின்றதால் வாசகர் அவரிடம் வந்தார்கள்.

இம்மூவரிடமும் பொதுவாக விளங்கிய இயல்புகள் மூன்றைக் குறித்துக்கொள்ளுமாறு இளைஞர்களை வேண்டுகிறேன். முதலாவது, காலம் தவறாமை: மாதம் ஒருமுறை என்றால் மாதம் ஒருமுறை வாசகரின் கைக்குத் தம் எழுத்தைக் கொண்டு சேர்த்தார்கள். இரண்டாவது, நேர்த்தொடர்பு: யார் தம்மைப் படிக்கிறார்கள் என்பதை அவர்கள் முகம் பார்த்தும், கடிதம் படித்தும், சந்தாக் குறிப்பேட்டைப் புரட்டியும் அறிந்திருந்தார்கள். மூன்றாவதே மிக முக்கியம். தம் எழுத்துக்கு மட்டும் அவர்கள் இடம் தேடவில்லை. பிறருடைய எழுத்துக்கும் தங்கள் பக்கங்களைத் திறந்துவிட்டார்கள். செல்லப்பாவிடம் இளங்கவிகளும் விமரிசகர்களும் வளர்ந்தார்கள். ‘மல்லிகை’யில் ஈழத்தின் புதுத் தலைமுறை எழுதப் பழகியது. தம்மை மட்டுமே வெளியிட்டுக்கொள்ளும் எழுத்தாளர் இரண்டாவது நூலோடு களைத்துப்போவார்; பிறரையும் சேர்த்துக்கொண்டு நடப்பவரிடமே வாசகர் தங்குவர்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். மலாயாவில் எழுத்தாளரையும் வாசகரையும் இணைக்கும் பணியைப் பதிப்பகங்கள் செய்யவில்லை. தினப் பத்திரிகைகள் செய்தன. ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்ட 1924ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் கி. நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேச’னைத் தொடங்கினார், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முர’சைத் தொடங்கினார். நம் ஜோகூர் மாநிலம் இவ்விரண்டு நகரங்களுக்கும் இடையே இருந்ததால், ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் இரு பக்கத்துப் பத்திரிகைகளையும் படிக்கும் பாக்கியம் பெற்றார்கள். 1950ஆம் ஆண்டை ஒட்டி ‘தமிழ் நேசன்’ கதை வகுப்பு ஒன்று நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஆசிரியர்களாக இருந்து, கதை எழுதும் கலையைப் பத்திரிகை வாயிலாகவே பாடமாகக் கற்பித்து, எழுதி அனுப்பியவர்களைத் திருத்தி ஊக்கினார்கள். ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியால் பள்ளிப் பிள்ளைகளை எழுதப் பழக்கியது. கல்லூரிக் கட்டடம் இல்லை, கட்டணம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைதான் பள்ளிக்கூடம். பால் மரம் சீவும் வேலையும் தோட்டப் பள்ளி ஆசிரியர் வேலையும் கிராணி வேலையும் பார்த்தவர்கள் அந்தப் பள்ளியில் படித்து எழுத்தாளரானார்கள்.

அந்த எழுச்சிக் காலத்தைச் சேர்ந்தவரே நம் மாநிலத்துத் தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா. 1953ஆம் ஆண்டில் மா. செ. மாயதேவனோடு சேர்ந்து ‘இரத்த தானம்’ என்னும் சிறுகதைத் தொகுதியை அவர் வெளிக்கொணர்ந்தார். பின்னர் நாவலும் சிறுகதையும் எழுதியதோடு, 1996இல் ‘மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றுக் களஞ்சியம்’ என்னும் பெருநூலையும் அளித்தார். தலைநகரத்தின் அச்சுக்கூடங்களிலிருந்து தொலைவில், சிற்றூர் ஒன்றில் இருந்துகொண்டே, இந்நாட்டு எழுத்தாளர் அனைவரையும் ஒரு நூலுக்குள் திரட்ட ஒருவரால் முடிந்தது. அதுபோலவே கிள்ளானில் முரசு நெடுமாறன், நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் தொகுத்து, 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய’மாக வெளியிட்டார். பல்கலைக்கழகமும் அரசாங்கமும் செய்ய வேண்டிய பணியைத் தனி மனிதர்கள் தங்கள் சிரத்தையினாலேயே செய்து முடித்திருக்கிறார்கள்.

இன்றைய நிலை வேறு. ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. தோட்டங்கள் கலைந்து, அங்கே ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே பத்திரிகையைக் கைமாற்றிப் படித்தவர்களின் மக்கள் ஸ்கூடாயிலும் மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் அடுக்கு வீடுகளில் குடியேறிவிட்டார்கள். பலர் விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். வாசகர் அழிந்துவிடவில்லை, சிதறியிருக்கிறார்கள். சிதறியவர்களைத் திரட்டும் பணி முன்பு பத்திரிகையினுடையதாக இருந்தது. இப்போது அது எழுத்தாளரின் தலைமேல் வந்து அமர்ந்திருக்கிறது.

அந்தப் பணிக்கு நாம் மேற்கொண்டிருக்கும் வழி நூல் வெளியீட்டு விழா. இவ்வழக்கம் நமக்குச் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. மண்டபம் ஒன்றிலே ஊரார் கூடி, நூலாசிரியருக்கு மாலையிட்டு, பிரமுகர் ஒருவர் முதல் பிரதியைப் பெற்று ஆயிரமோ இரண்டாயிரமோ வெள்ளி வழங்க, மற்றவர்களும் உறையிலே இயன்றதை வைத்துத் தர, அச்சுக் கடன் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. ஆனால் விழா முடிந்த பின் நடப்பதை மனம் திறந்து பேச வேண்டும். முதல் பிரதியைப் பெற்றவர் அதைப் படித்தாரா? உறையை நீட்டியவர்கள் நூலை வாங்கினார்களா, நூலாசிரியர்மேல் கொண்ட அன்பை வாங்கினார்களா? மீந்த பிரதிகள் கட்டுக் கட்டாக வீட்டு அறையில் கிடக்க, அடுத்த நூலுக்கு மீண்டும் அதே பிரமுகரின் வாசலில் போய் நிற்கிறோம். இதில் எழுத்தாளருக்குப் பணம் கிடைத்தது, வாசகர் கிடைக்கவில்லை. கொடையாளரை நம்பி எழுதுகிறவர், நாளடைவில் கொடையாளர் மனம் கோணாதபடி எழுதவும் பழகிவிடுவார். விழாவை விட்டுவிட வேண்டியதில்லை. அதற்கு முன்பே நூறு, இருநூறு பேரிடம் கையொப்பம் பெற்றுவிட்டு விழாவுக்குச் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சிறு தொகைகளின் பலத்தை அறியாதவர்கள் அல்லர் நம் மக்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதற்குப் பங்கு கட்டியவர்கள் பால் மரம் சீவிய கைகளால் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தினார்கள்; அப்பணம் திரண்டு தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. தோட்டம் வாங்கத் தெரிந்த சமூகத்துக்கு ஒரு நாவலை அச்சிடுவது பெரிய காரியமா? இருநூறு பேர் தலைக்கு முப்பது வெள்ளி முன்பணம் கட்டினால் ஆறாயிரம் வெள்ளி. அச்சுக்கூடத்தாரிடம் தலை நிமிர்ந்து பேசுவதற்கு அத்தொகை போதும்.

ஆனால் வாசகரிடம் முன்பணம் வாங்கியவருக்குக் கடமைகளும் உண்டு. பதிப்பாளர் இல்லை என்றால் பதிப்பாளரின் வேலைகள் இல்லாமற் போவதில்லை. அவை எழுத்தாளரிடமே வந்து சேர்கின்றன. அவற்றுள் முதன்மையானது பிரதியைச் செப்பம் செய்வது. நண்பரின் புகழ்ச்சியைச் செப்பமென்று கருதிவிடக் கூடாது. கண்டிப்பான வாசகர் இருவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, அவர்கள் வெட்டச் சொல்வதை வெட்டி, திருத்தச் சொல்வதை ஆராய்ந்து திருத்தி, பின்னர் மெய்ப்புப் பார்ப்பதற்கு இலக்கணம் அறிந்த ஒருவருக்கு உரிய ஊதியம் தந்து வேலை வாங்க வேண்டும். ஒற்றுப் பிழையும் சந்திப் பிழையும் மலிந்த நூல் ஒன்று வெளிவந்தால், அது அவ்வாசிரியரின் பெயரை மட்டுமன்றி, தாமே வெளியிடும் எழுத்தாளர் எல்லாருடைய பெயரையும் கெடுத்துவிடும்.

அடுத்தது சட்டம் விதிக்கும் ஒழுங்கு. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி நூலில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும். 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி அச்சு நூலின் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்நூலகத்தாரிடமே பன்னாட்டுத் தரப்புத்தக எண்ணையும் பெற்றுக்கொள்ளலாம். இவற்றை வீண் தொல்லை என்று எண்ணற்க. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆராய்ச்சியாளர் நம் நூலைத் தேடி வரும்போது, அந்த ஐந்து பிரதிகளே நமக்காகப் பேசும். பதிப்புரிமையையும் எழுத்து மூலமாகத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இந்நாட்டுச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளுக்கும், அவர் மறைந்த பின் ஐம்பது ஆண்டுகளுக்கும் அவ்வுரிமையை வழங்குகிறது. பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் அந்தச் சொத்தைச் சிறு தொகைக்கு எவரிடமும் தாரை வார்க்கக் கூடாது.

பழைய தலைமுறைக்கு இல்லாத சாதனங்கள் இன்று நமக்கு இருக்கின்றன. முரசு நெடுமாறனின் புதல்வர் முத்து நெடுமாறன் இந்த மலேசிய மண்ணிலே உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் மென்பொருள், கணினியில் தமிழை எளிதாக்கியது. 2005இல் வந்த அவருடைய செல்லினம் கைப்பேசியிலே தமிழை ஓட விட்டது. ஒரு காலத்தில் ஈய எழுத்துக்களைக் கோப்பதற்கே ஆள் தேடி அலைந்த எழுத்தாளரின் பேரன், இன்று தன் நூலைத் தானே பக்கம் வகுத்துவிடலாம். கிண்டில் போன்ற மின்னூல் கடைகள் தமிழ் நூலையும் ஏற்றுக்கொள்வதால், ஜோகூரில் எழுதியதைக் கனடாவில் இருக்கும் தமிழர் அந்த நிமிடமே வாங்கிப் படிக்க முடிகிறது. 2007இல் அச்சிதழாகத் தோன்றிய ‘வல்லினம்’ பின்னர் இணைய இதழாக மாறி, நூல் வெளியீட்டிலும் இறங்கி, மலேசியத் தமிழ் எழுத்தைக் கடல் கடந்து பேச வைத்திருக்கிறது. பருவ இதழுக்கு அரசாங்க அனுமதி வேண்டியிருக்கும் நாட்டிலே, மின்வழி என்பது இளைஞர்களுக்குக் கிடைத்த பெரும் வசதி. ஆனால் சாதனம் எதுவாயினும், அது வாசகரிடம் கொண்டு சேர்க்குமேயன்றி வாசகரை உண்டாக்கித் தராது.

வாழ்க்கைச் செலவுக்கு எழுத்து போதுமா என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. தொடக்கத்தில் போதாது, பலருக்குக் கடைசி வரையிலும் போதாமல் இருக்கக்கூடும். ரப்பர்க் கன்றை நட்டவர் பாலுக்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்கிறார். அதுவரையில் அவர் பசியோடிருப்பதில்லை, வேறு வேலையும் செய்கிறார். ஆசிரியர் பணியோ அலுவலகப் பணியோ இருப்பவர் அதை விட்டுவிட வேண்டாம். பிழைப்புக்கு வேறு தொழில் இருப்பது எழுத்துக்கு இழிவன்று. யாருக்கும் அஞ்சாமல் எழுதும் சுதந்திரத்தை அதுவே அளிக்கும். ஜீவாவின் சலூன் அவருக்கு அளித்தது அந்தச் சுதந்திரத்தையே.

தாமே வெளியிட்டுக்கொள்ளும் முறையால் தரமற்ற நூல்கள் பெருகிவிடும் என்பது அறிஞர் சிலரின் கவலை. அது நியாயமான கவலையே. பதிப்பாசிரியர் என்னும் சல்லடை இல்லாத இடத்தில் பதரும் நெல்லும் கலந்தே வரும். எனினும் சல்லடையைப் பதிப்பகத்தார் மட்டுமே கையில் பிடிக்க வேண்டும் என்ற விதி இல்லை. கூடிப் படித்து, கண்ணெதிரே குறை சொல்லி, நிறை கண்டபோது மனம் நிறைந்து பாராட்டும் வாசகர் வட்டம் ஒவ்வோர் ஊரிலும் இருந்தால், அதைவிட நுண்ணிய சல்லடை வேறில்லை. முன்பணம் கட்டிய வாசகர் முகத்தாட்சணியத்துக்காகப் புகழ மாட்டார்; ஏமாந்தால் அடுத்த நூலுக்குக் கையொப்பமிட மாட்டார். கதை வகுப்பு நடத்திய ஆசிரியர்கள் நம் பாட்டன்மாருக்குச் செய்த உபகாரத்தை, இனி நாமே ஒருவர்க்கொருவர் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே, அன்பர்களே, இந்தப் பேச்சு கைதட்டலோடு கலைந்துபோகாமல் ஒரு காரியமாக முடிய வேண்டுமென்று விரும்புகிறேன். ஜோகூர் பாரு, கூலாய், குளுவாங், சிகாமட், லாபிஸ், மூவார், தங்காக், பத்து பகாட், கோத்தா திங்கி என்று நம் மாநிலத்து ஊர்கள் ஒவ்வொன்றிலும் தமிழ் நூல் படிப்பவர் இருபது பேரின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். அவர்கள் ஆண்டுக்கு இரண்டு நூலுக்கு முன்பணம் கட்டட்டும். எந்த நூல் என்பதை அவர்களே கூடிப் படித்துத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுத்த நூலின் ஆசிரியர் அந்த ஊருக்கு வந்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். எழுத விரும்பும் இளைஞர்கள் தங்கள் முதல் நூலைப் பற்றி நினைப்பதற்கு முன், இந்தக் குறிப்பேட்டைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கட்டும். பிறருடைய நூல் இரண்டை ஊராரிடம் கொண்டு சேர்த்து, கணக்கை ஒப்படைத்த பிறகு தங்கள் நூலைக் கொண்டுவரட்டும். அவ்வாறு வருகிறவரை நம் மக்கள் ஒருபோதும் கைவிட மாட்டார்கள். முதல் குறிப்பேட்டில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முன்பணத்தையும் இன்றே பெற்றுக்கொள்ளுங்கள்.